தலைகீழாய்ப் பறக்கக் கற்பிப்பவர்

விமானத்தை அந்தரத்தில் குட்டிக்கரணம் போடவைக்கக் கற்பிப்பவருக்கு என்ன தகைமை வேண்டும்? ஐக்கிய அமெரிக்கச் சட்டத்தின் விடை வியப்பானது. தனியாக எதுவும் வேண்டியதில்லை. சாதாரண விமானப் பயிற்றுநர் சான்றிதழே போதும்.

சாகசப் பறப்பை அங்குள்ள விதிகள் கவனியாது விட்டன என்பதற்கில்லை. 1,500 அடிக்குக் கீழே கூடாது. மக்கள் செறிந்த இடங்களின் மேலே கூடாது. பார்வைத் தூரம் 3 மைலுக்குக் குறையலாகாது. பயணியுடன் 60 பாகைக்கு மேல் சரித்துப் பறப்பதாயின் அனைவரும் பரசூட் அணிய வேண்டும். கண்காட்சியில் தாழப் பறந்து வித்தை காட்டுவோர் தம் திறமையை நிரூபித்துத் தகுதி அட்டையும் பெற வேண்டும். அதே வித்தையை மாணவனுக்குக் கற்பிக்க எந்த அட்டையும் கேட்கப்படுவதில்லை!

பயிற்றுநராக வருபவர் சுழல் வீழ்ச்சியிலிருந்து மீளப் பழகியிருக்க வேண்டும் என்பது உண்மையே. (தனியார் விமானமோட்டிகளுக்கு அதுவும் 1949இல் நீக்கப்பட்டுவிட்டது.) ஆனால் திட்டமிட்டு நுழையும் சுழல் வேறு, மாணவனின் தவறால் வருவது வேறு. உருளல் பாதியில் குழம்பித் தலைகீழாக நிற்கையில், பயந்த மாணவன் செய்வது ஒன்றே: கட்டுப்பாட்டுத் தண்டைத் தன்பக்கம் இழுப்பான். விமானம் மூக்கைத் தாழ்த்திப் பாயும். வேகம் ஏறும், உயரம் கரையும். எந்தக் கணம்வரை பொறுப்பது, எந்தக் கணத்தில் கையிலெடுப்பது என்று அறிந்திருப்பதே அங்கே ஆசிரியத் தொழில். தான் நன்றாகப் பறப்பதால் மட்டும் அது வந்துவிடாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சாகசப் பறப்புக்குத் தனித் தகுதி உண்டு. அதற்கு ஆகக் குறைந்தது 5 மணித்தியாலப் பயிற்சி அல்லது 20 பறப்புகள் வேண்டும். கற்பிப்பவரோ அத்தகுதியைப் பெற்றிருப்பதுடன், கற்பிக்கும் ஆற்றலையும் அதற்கென அதிகாரம் பெற்ற இன்னொரு பயிற்றுநர் முன் காட்ட வேண்டும். என் வாக்கு இந்த ஏற்பாட்டுக்கே.

நல்ல பயிற்சிப் பாடசாலைகளும் காப்புறுதிக்காரரும் தகுதியற்றோரை வடிகட்டிவிடுவர் என்பது மறுதரப்பு வாதம். இருக்கலாம். ஆனால் புதிதாக வரும் மாணவனுக்கு நல்ல பாடசாலை எதுவென்று எப்படித் தெரியும்? பத்திரிகையாளனாவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டாமே என்று நண்பர்கள் என்னை மடக்கக்கூடும். என் பிழைக்கு மறுநாள் திருத்தம் வெளியிடலாம், ஐயா.

அமெரிக்காவில் இதைக் கற்க விரும்பும் இளைஞர்கள், பணம் கட்டுமுன் பயிற்றுநரிடம் மூன்று கேள்விகளாவது கேட்கட்டும்: இதே வகை விமானத்தில் எத்தனை மணித்தியாலம்? தலைகீழ்ச் சுழலிலிருந்து எத்தனை முறை மீண்டீர்கள்? உங்களுக்குக் கற்பித்தவர் யார்?