பன்னிரண்டரை மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர்

"கலகக்காரனைப் பெத்து வச்சிக்கிட்டு அவனுக்கு மாத்திரை குடுத்து அடக்குறீங்களே தோழர்" என்று கேட்டார் நம்மவர் ஒருவர், போன மாதக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது. நானும் கவிதை எழுதுகிறவன். கலகம் என்ற சொல்லை அவரைவிடக் கூடுதலாகவே செலவழித்திருக்கிறேன். அன்றைக்குப் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. இங்கே சொல்கிறேன்.

என் மகனுக்கு ஒன்பது வயது. ஏ.டி.எச்.டி. என்று டாக்டர் எழுதிக்கொடுத்து ஒன்றரை வருசம் ஆகிறது. கவனம் ஓரிடத்தில் நிற்காது, உடம்பும் நிற்காது, நினைத்த கணத்தில் கை செய்து முடித்துவிடும். இந்தப் பெயர் வருமுன்பே பள்ளிக்கூடம் அவனுக்கு வேறு பெயர் வைத்திருந்தது. பக்கத்துப் பையன் ஓடினால் "துறுதுறுன்னு இருக்கான்." இவன் ஓடினால் "வளர்ப்பு அப்படி." நெய்வேலி டவுன்ஷிப்பில் வட்டங்களுக்கு எண்தான், சாதிப் பெயர் கிடையாது என்று பெருமை பேசுவார்கள். எண்ணைக் கேட்டு முடித்ததும் அடுத்த கேள்வி, "சொந்த ஊரு எது சார்?" ஊரைச் சொன்னால், ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். அதற்கப்புறம் என் பிள்ளையின் கால் ஆடுவதற்கு மூளை காரணமில்லை, காலனி காரணம். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்லது. ஆசிரியர் ஓய்வறையிலிருந்து யார் நீக்குவது?

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசியபோது, அறிவில் குறையில்லை, ஒழுக்கக் கட்டுப்பாட்டில்தான் குறை என்றார். மருத்துவம் அந்த ஒழுக்கப் பேச்சிலிருந்து வெளியே வரப் பல பத்தாண்டுகள் ஆயின. நம் வாத்தியார்கள் இன்னும் 1902இலேயே நிற்கிறார்கள், கூடவே சாதியையும் சேர்த்துக்கொண்டு.

இனி மாத்திரைக்கு வருகிறேன். மெத்தில்ஃபெனிடேட். 1944இல் சுவிட்சர்லாந்தில் சிபா கம்பெனியில் செய்தது. சாதாரண மாத்திரை போட்டு அரைமணி, முக்கால்மணியில் வேலை செய்யும். மூன்று நாலு மணி நேரத்தில் இறங்கிவிடும். காலை எட்டுக்கு முதல் மாத்திரை. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான், ஏனென்றால் அது பசியைக் கொன்றுவிடும். மதியச் சோற்று டப்பா போன மாதிரியே திரும்பி வரும். சாயங்காலம் மருந்து இறங்கும்போது அழுகை, எரிச்சல், அப்புறம் பேய்ப்பசி. மூணு மாசத்துக்கு ஒருதரம் உயரம், எடை, நாடித்துடிப்பு பார்க்கணும். நாள் முழுக்க நிற்கிற வகையும் உண்டு. அது இவன் தூக்கத்தைக் கெடுத்ததால் டாக்டர் மாற்றிவிட்டார். ஆக, பன்னிரண்டரைக்கு இரண்டாவது மாத்திரை. சாயங்காலம் கொடுக்க முடியாது, ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழித்திருப்பான்.

அந்தப் பன்னிரண்டரைதான் விவகாரம். "நாங்க மாத்திரை எல்லாம் குடுக்க முடியாது சார், ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?" என்றது பள்ளி. 2015லிருந்து பிப்ரவரி 10 குடற்புழு நீக்க நாள் என்று பள்ளிகளில் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். வகுப்பிலேயே மென்று விழுங்க வைக்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அப்போதெல்லாம் டீச்சரின் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் என்றால் திட்டம், ஒரு பிள்ளைக்கு என்றால் தொல்லையா?

அவர்கள் பயத்தில் ஒரு நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். இது ஷெட்யூல் எக்ஸ் மருந்து. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது. சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருசம் வைத்திருக்க வேண்டும். தனி உரிமம் உள்ள கடையில்தான் கிடைக்கும். நான் கேட்ட உள்ளூர்க் கடைகளில் இல்லை, மாசாமாசம் புதுச்சேரிக்குப் போய் வருகிறேன். பிள்ளையின் பையில் போட்டு அனுப்பக்கூடாது என்பதும் சரிதான். அதனால்தான் டாக்டர் கடிதம், எண்ணிக் கொடுத்த மாத்திரை, பூட்டுள்ள ஒரு அலமாரி, கையெழுத்துப் போட ஒரு நோட்டு என்று கேட்டேன். ஒரு பெரியவர், ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு நிமிசம். அவ்வளவுதான். தண்ணீர் என்றதும் பாபாசாகேப் நினைவு வராமல் இருக்குமா? சாத்தாராவில் பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் அந்தச் சிறுவனுக்குத் தண்ணீர்.

இப்போது நானே போகிறேன். கவுண்டரில் "சிறிது நேரத்தில்" பலகையை வைத்துவிட்டு, மேலாளரிடம் இருபது நிமிசம் பர்மிஷன், டிவிஎஸ்ஸில் பறந்து, கேட்டில் வாட்ச்மேனிடம் கெஞ்சி. ஒப்பந்தத் தொழிலாளர் சம்பளம் விழுகிற நாளில் வரிசை வாசல் தாண்டி நிற்கும், நகர முடியாது. அன்றைக்கு அவனுக்கு மதிய மாத்திரை இல்லை. காலையில் கணக்கு டீச்சர் பார்த்த பிள்ளை வேறு, மதியம் சமூக அறிவியல் சார் பார்க்கிற பிள்ளை வேறு. "வேணும்னே பண்றான்" என்று ஸ்கேலால் அடி. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, அடிக்கக்கூடாது என்கிறது. அதைச் சொன்னால் நான் சட்டம் பேசுகிற ஆளாகிவிடுகிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைப் பட்டியலிலோ இவன் கோளாறுக்குத் தனிப்பெயர் இல்லை. ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது. இது இல்லை.

எனக்காவது பர்மிஷன் உண்டு. என் வரிசையில் நிற்கிற ஒப்பந்தத் தொழிலாளி சுரங்கத்து ஷிப்டை விட்டு எந்த மேலாளரிடம் இருபது நிமிசம் கேட்பார்? அவர் பிள்ளைக்கும் இதே கோளாறு இருக்கலாம். அதற்குச் சீட்டு கிடைக்காது, புதுச்சேரி பஸ் கிடைக்காது. "அடங்காத பய" என்ற பட்டம் மட்டும் இலவசமாகக் கிடைக்கும். எட்டாவது தாண்டாமல் வெளியே வருவான்.

தோழர், மாத்திரையைக் காட்டி வகுப்பறையை மாற்றாமல் விடுவார்கள் என்ற உங்கள் சந்தேகம் எனக்கும் உண்டு. நாற்பது பிள்ளைகளை ஆடாமல் உட்காரச் சொல்கிற வகுப்பே ஒரு வன்முறைதான். ஆனால் நம் பிள்ளைகளை மருந்து கொடுத்து அமுக்குகிறார்களா இங்கே? மருந்துக்கு அலைய விடுகிறார்கள். காரணமில்லாமல் அடி வாங்குவதற்குக் கலகம் என்று பேர் வைத்தால் அடிக்கிறவனுக்குத்தான் வசதி. அவனிடமே கேட்டேன். "மாத்திரை போட்டா டீச்சர் சொல்றது கடைசி வரைக்கும் கேக்குதுப்பா. ஆனா பசிக்க மாட்டேங்குது. அப்புறம், பசங்க முன்னாடி மாத்திரை போட்டியான்னு கத்த வேணான்னு சொல்லுப்பா." மருந்தைப் பற்றி இதுவரை நான் கேட்டதில் நியாயமான விமர்சனம் இதுதான். மூன்றையும் கடிதத்தில் எழுதிவிட்டேன்.

கடிதம் கொடுத்து ஒன்பது நாள் ஆகிறது, பதில் வரவில்லை. நாளைக்குச் சம்பள நாள். மேலாளரிடம் இன்னும் கேட்கவில்லை.