வசந்தகாலப் பயிற்சியும் வீரர் சந்தையும்: அமெரிக்கப் பல்கலைக்கழக உதைபந்தாட்டத்தின் தீராத கேள்வி

ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடைபெறும் உதைபந்தாட்ட வசந்தகாலப் பயிற்சி, வெளியுலகின் கவனத்தை அதிகம் ஈர்க்காத ஒரு விடயமாகும். ஆயினும், கடந்த சில ஆண்டுகளில் அப்பயிற்சிக் களங்களில் ஏற்பட்டுள்ள மாற்றங்கள், ஒரு கல்வி நிறுவனத்துக்கும் அதன் மாணவனுக்கும் இடையிலான உறவு எத்தகையது என்ற அடிப்படைக் கேள்வியை எழுப்பியுள்ளன. விளையாட்டுப் பக்கத்தோடு முடிந்துவிடக் கூடிய கேள்வி அல்ல இது. கல்வி, உழைப்பு, நீதி ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில் அது நிற்கின்றது.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என அழைப்பது எமது நாட்டில் அப்பெயரால் வழங்கும் ஆட்டமன்று. றக்பியிலிருந்து கிளைத்து வளர்ந்த, பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடும் ஆட்டம் அது. களத்தில் ஓர் அணிக்கு 11 பேர் மாத்திரமே நின்றாலும், தாக்குதலுக்கு ஒரு குழு, தடுப்புக்கு வேறொரு குழு, பந்தை உதைப்பதற்கெனத் தனி வீரர்கள் எனப் பிரிந்திருப்பதால் அணி ஒன்றின் பட்டியலில் நூறு பேருக்கு மேல் இடம்பெறுவது வழமையாகும். ஆகஸ்ட் இறுதியில் தொடங்கும் போட்டிப் பருவம் ஜனவரியில் முடிவடைகின்றது. அதன் பின்னர் நடைபெறும் வசந்தகாலப் பயிற்சிக்கு 15 அமர்வுகள் அனுமதிக்கப்படுகின்றன. வீரரின் உடல்நலம் கருதி, அவற்றுள் மூன்று அமர்வுகளில் உடல் மோதல் முற்றாகத் தவிர்க்கப்பட வேண்டும்; எதிராளியை வீழ்த்திப் பழகுவது எட்டு அமர்வுகளுக்கு மட்டுப்படுத்தப்பட்டுள்ளது. இறுதியில் அணியினர் தமக்குள் இரண்டாகப் பிரிந்து இரசிகர் முன்னிலையில் ஆடும் போட்டி ஒன்று நடைபெறும். 2016 இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் அத்தகைய போட்டியைக் காண 100,189 பேர் திரண்டனர்.

யாருடைய இடம் யாருக்கு என்பதைத் தீர்மானிப்பதே இப்பயிற்சியின் மரபுவழி நோக்கமாகும். பட்டம் பெற்றுச் சென்றவரின் இடத்துக்கு இரண்டாம் வரிசையில் நின்றவர் உயர்வார். பெயரறியாத ஒருவர் பயிற்றுநரின் கண்ணில் படுவார். பொறுமையோடு காத்திருந்தவனுக்கு அது வாய்ப்பின் காலமாக இருந்தது. இன்று அந்த நிலை பெரிதும் மாறிவிட்டது.

மாற்றத்தின் தன்மையை விளங்கிக்கொள்ள டென்னசிப் பல்கலைக்கழகத்தில் 2025 ஏப்ரல் மாதத்தில் நடந்ததை நோக்குவது பொருத்தமாகும். ஏறத்தாழ 102,000 ஆசனங்களைக் கொண்ட நேலண்ட் விளையாட்டரங்கைத் தனதாகக் கொண்ட அப்பல்கலைக்கழகம், 2024 பருவத்தில் 10 போட்டிகளில் வென்று, முதன்முறையாக 12 அணிகளுக்கு விரிவாக்கப்பட்ட தேசியத் தகுதிச் சுற்றுக்கும் தெரிவாகியிருந்தது. அணியை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் நிலையில் ஆடியவர் நிக்கோ யமலியாவா என்ற 20 வயது இளைஞர். தமக்குரிய கொடுப்பனவை உயர்த்துமாறு அவர் தரப்பினர் கோரியதாகச் செய்திகள் வெளிவந்தன. ஏப்ரல் 11 ஆம் திகதி அவர் பயிற்சிக்குச் சமுகமளிக்கவில்லை. மறுநாள், வசந்தகாலப் போட்டி நடைபெறும் தினத்திலேயே, அவரின்றி அணி முன்செல்லும் எனப் பயிற்றுநர் ஜோஷ் ஹியூப்பல் அறிவித்தார்.

பின்னர் நடந்தவை இன்னும் வியப்புக்குரியவை. யமலியாவா லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இணைந்துகொண்டார். அங்கு வசந்தகாலப் பயிற்சியைப் பெற்றிருந்த குவார்ட்டர்பேக் ஜோயி அகியுலார், தமது இடம் பறிபோவதைக் கண்டு டென்னசியைச் சென்றடைந்தார். இரு பல்கலைக்கழகங்கள் தமது மாணவர்களைப் பண்டமாற்றுச் செய்துகொண்டது போன்ற காட்சியே மிஞ்சியது. அவ்வாண்டுப் பருவத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் அணி மூன்று போட்டிகளில் மாத்திரம் வென்று ஒன்பதில் தோற்றது. அதன் பயிற்றுநர் செப்டெம்பர் மாதத்திலேயே பதவி நீக்கப்பட்டார். டென்னசி 8 வெற்றிகளுடன் திருப்தியடைய நேர்ந்தது.

அந்நாட்களில் எழுந்த விமர்சனங்களில் பெரும்பாலானவை அந்த இளைஞரையே குறிவைத்தன. பேராசை, நன்றியின்மை, விசுவாசமின்மை என்ற சொற்கள் தாராளமாகப் பயன்படுத்தப்பட்டன. பயிற்சியின் நடுவே சக வீரர்களை விட்டு நீங்குவது பாராட்டத்தக்க செயல் அன்று என்பதை நாமும் ஏற்கின்றோம். ஆனால், விசுவாசம் என்பது ஒரு தரப்பிடம் மாத்திரம் எதிர்பார்க்கப்படும் பண்பாக இருக்க முடியுமா என்ற கேள்வியைத் தவிர்த்துவிட முடியாது. கூடிய சம்பளம் கிடைக்கும் இடத்துக்குப் பயிற்றுநர்கள் பருவத்தின் நடுவிலேயே சென்றுவிடுவது அங்கு நெடுங்கால வழக்கமாகும். 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகம், ஒப்பந்தக் காலம் முடியுமுன் தனது பயிற்றுநர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியதற்காக அவருக்கு 75 மில்லியன் டொலருக்கும் அதிகமான தொகையை வழங்க நேர்ந்தது. ஒரு மனிதர் பணி செய்யாதிருப்பதற்கு இத்தொகையைச் செலுத்த இயலுமாயின், களத்தில் உடலை வருத்துவோர் தமது பங்கைக் கேட்பதை எவ்வாறு குறை கூற முடியும்?

இந்த முரண்பாட்டின் வேர் நெடுந்தொலைவு செல்கின்றது. 1905 ஆம் ஆண்டில் இவ்வாட்டத்தில் நிகழ்ந்த மரணங்கள் அமெரிக்காவை உலுக்கியதன் விளைவாகவே, இன்றைய தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கத்துக்கு 1906 இல் அடித்தளமிடப்பட்டது. வீரரைப் பாதுகாக்கப் பிறந்த அமைப்பு, காலப்போக்கில் வீரரின் உழைப்பால் ஈட்டப்படும் வருமானத்தைப் பாதுகாக்கும் அமைப்பாக மாறியது. 1955 இல் கொலராடோ மாநிலக் கல்லூரி ஒன்றின் வீரர் தலையில் ஏற்பட்ட காயத்தால் உயிரிழந்தார். பணியிட விபத்துக்குரிய நட்டஈட்டை அவரது மனைவி கோரினார். அவர் ஊழியர் அல்லர் எனக் கூறி 1957 இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அக்கோரிக்கையை நிராகரித்தது. "மாணவ விளையாட்டு வீரர்" என்ற சொற்றொடர் பரப்பப்பட்டது இத்தகைய பொறுப்புகளிலிருந்து கல்லூரிகள் விலகி நிற்பதற்காகவே என்பதை, சங்கத்தின் முன்னாள் நிறைவேற்றுப் பணிப்பாளர் வோல்டர் பையர்ஸ் பிற்காலத்தில் தாமே எழுதினார்.

இக்கோட்டையில் முதல் பெரிய வெடிப்பு 2021 இல் ஏற்பட்டது. கல்வியுடன் தொடர்புடைய சலுகைகளுக்குச் சங்கம் விதித்திருந்த வரம்பு போட்டிச் சந்தைச் சட்டத்துக்கு முரணானது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் 21 ஆம் திகதி ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. ஜூலை 1 ஆம் திகதி முதல் தமது பெயர், உருவம் ஆகியவற்றைப் பயன்படுத்தி விளம்பர வருமானம் ஈட்ட வீரர்கள் அனுமதிக்கப்பட்டனர். அதே ஆண்டிலேயே, ஓராண்டு காத்திருக்காமல் ஒருமுறை பல்கலைக்கழகம் மாறும் உரிமையும் வழங்கப்பட்டது. 2024 ஏப்ரலில், கல்வித் தகைமை பேணப்படும் வரை எத்தனை முறையும் மாறலாம் என அது விரிவாக்கப்பட்டது. இறுதியாக, 2025 ஜூன் 6 ஆம் திகதி நீதிபதி குளோடியா வில்கன் அங்கீகரித்த இணக்கத் தீர்வின் மூலம், பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கும் வழி திறந்தது. முதலாவது ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு 20.5 மில்லியன் டொலராகும். கடந்தகால இழப்பீடாக ஏறத்தாழ 2.8 பில்லியன் டொலரைப் பத்தாண்டுகளில் வழங்கவும் இணக்கம் காணப்பட்டது. அவ்விழப்பீட்டில் பெண் வீராங்கனைகளுக்குரிய பங்கு அநீதியானது எனக் கூறி மேன்முறையீடு செய்யப்பட்டதும் இங்கு கவனத்திற் கொள்ளப்பட வேண்டும்.

இத்தீர்வின் ஒரு நிபந்தனை பொதுமக்களின் பார்வைக்கு அதிகம் வரவில்லை. ஆனால், வசந்தகாலப் பயிற்சியைப் பொறுத்தவரை அதுவே மிகவும் பாரதூரமானது. முன்னர் உதைபந்தாட்ட அணியொன்று 85 புலமைப்பரிசில்கள் வரை வழங்கலாம்; புலமைப்பரிசில் இன்றித் தமது சொந்தச் செலவில் கற்று, விருப்பின் பேரில் அணியில் சேர்வோருக்குக் கடுமையான எல்லை இருக்கவில்லை. பல அணிகளின் பட்டியல் 120 பேரைத் தாண்டியிருந்தது. புதிய ஏற்பாடு புலமைப்பரிசில் வரம்பை நீக்கி, அதற்குப் பதிலாக மொத்தப் பட்டியலை 105 பேருக்கு மட்டுப்படுத்தியது. ஏற்கப்பட்டோர் அனைவரும் புலமைப்பரிசில் பெறக்கூடிய நிலை உருவானது நன்மையே. ஆனால், அதற்கான விலையைச் செலுத்தியவர்கள் வரிசையின் கடைசியில் நின்ற மாணவர்களே.

தீர்வு அங்கீகரிக்கப்படும் முன்னரே, அதை எதிர்பார்த்துப் பல அணிகள் வீரர்களை நீக்கத் தொடங்கின. 2025 ஏப்ரலில் நீதிபதி வில்கன் இதனைச் சுட்டிக்காட்டி, பாதிக்கப்பட்டோருக்கு நிவாரணம் இன்றி அங்கீகாரம் வழங்க மறுத்தார். அதன் பயனாக, அவ்வாறு இடமிழந்தோர் மீண்டும் சேர்க்கப்பட்டால் 105 என்ற எண்ணிக்கையில் கணிக்கப்பட மாட்டார்கள் எனத் திருத்தம் செய்யப்பட்டது. ஆயினும், அவர்களை மீளச் சேர்ப்பதா இல்லையா என்பது பல்கலைக்கழகத்தின் விருப்பத்துக்கே விடப்பட்டது. இடம் கொடுக்கலாம் என்ற அனுமதி வேறு, இடம் உண்டு என்ற உறுதி வேறு.

இழக்கப்படுவது எது என்பதை அறிய இரு பெயர்கள் போதும். 2017 இல் ஆட்டத்தின் அதியுயர் தனிநபர் விருதான ஹைஸ்மன் விருதைப் பெற்ற பேக்கர் மேபீல்ட், புலமைப்பரிசில் இன்றியே பல்கலைக்கழக அணியில் நுழைந்தவர். 2021, 2022 பருவங்களில் ஜோர்ஜியா அணியைத் தேசிய வெற்றிக்கு இட்டுச்சென்ற ஸ்டெட்சன் பெனட்டும் அவ்வாறே வந்தவர். பட்டியலின் இறுதி இருபது இடங்களை வெட்டும்போது, யார் பெனட், யார் பெனட் அல்லர் என்பதை எந்தப் பயிற்றுநராலும் முன்கூட்டியே கூற முடியாது.

மறுபக்கத்தையும் நேர்மையுடன் நோக்க வேண்டும். இடம்மாறும் சுதந்திரம் கேடுகளை மாத்திரமே தந்தது என்பது உண்மைக்குப் புறம்பானதாகும். நூற்றாண்டுக்கும் மேலாகத் தோல்விகளுக்குப் பெயர்பெற்றிருந்த இந்தியானாப் பல்கலைக்கழகம், கேர்ட் சிக்னெட்டி என்ற பயிற்றுநரின் கீழ் 2024 இல் 11 வெற்றிகளையும், 2025 பருவத்தில் தோல்வியே காணாது தேசிய வெற்றிக் கிண்ணத்தையும் பெற்றது. அவ்வணியின் குவார்ட்டர்பேக் பெர்னாண்டோ மெண்டோசா, கலிபோர்னியாவிலிருந்து மாறிவந்து ஹைஸ்மன் விருதை வென்றவர். பழைய ஒழுங்கில் சில பெரும் நிறுவனங்கள் மாத்திரமே உச்சியில் அமர்ந்திருந்தன. கதவு திறந்ததால் மற்றவர்களுக்கும் வழி கிடைத்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆகவே, சுதந்திரத்தைக் குற்றம் கூறுவதில் பயனில்லை. சந்தை ஒன்றை அமைத்துவிட்டு, சந்தைக்குரிய விதிகளை அமைக்காது விட்டமையே கோளாறு. தொழில்முறை அணிகளில் வீரர்களுக்குத் தொழிற்சங்கம் உண்டு. கூட்டு ஒப்பந்தம் உண்டு. சம்பள வரம்பும் இடமாற்றக் காலமும் இரு தரப்பினரும் பேசித் தீர்மானித்தவை. பல்கலைக்கழகங்களோ சம்பளம் போன்றதைக் கொடுக்கின்றன, ஆனால் ஊழியர் என்ற அந்தஸ்தை மறுக்கின்றன. 2014 இல் நோர்த்வெஸ்டன் பல்கலைக்கழக வீரர்கள் ஊழியர்களே எனத் தொழில் உறவுச் சபையின் பிராந்திய அதிகாரி ஒருவர் தீர்மானித்தார். மறு ஆண்டில் சபை அவ்விடயத்தில் தலையிட மறுத்து அதனைக் கைவிட்டது. அன்று தவறவிடப்பட்ட வாய்ப்பின் விளைவையே இன்று காண்கின்றோம்.

நிர்வாகங்கள் கண்ட பரிகாரங்கள் அறிகுறிகளுக்கான மருந்துகளாகவே உள்ளன. தமது வீரர்களைப் பிற அணிகள் நோட்டமிட்டுக் கவர்ந்து செல்கின்றன என்ற அச்சத்தால் நெப்ராஸ்காப் பயிற்றுநர் மற் றூல் 2025 இல் வழமையான வசந்தகாலப் போட்டியைக் கைவிட்டார். ஏப்ரல் மாத இடமாற்றக் காலம் ஒழிக்கப்பட்டு, 2026 முதல் ஜனவரி 2 தொடக்கம் 16 வரையான ஒரேயொரு காலமே அனுமதிக்கப்பட்டது. இதனால் வசந்தகாலத்தில் பயிலும் அணியே பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் களமிறங்கும் என்ற உறுதி கிடைத்துள்ளது; அவ்வளவில் இது வரவேற்கத்தக்கது. எனினும், பயிற்சியில் தனது இடம் பறிபோனதை ஏப்ரலில் அறியும் மாணவனுக்கு வெளியேறும் வாயில் அப்போது மூடப்பட்டிருக்கும். இவ்விதியை ஆக்கிய மேசையில் அவனது பிரதிநிதி கையொப்பமிடவில்லை.

எமது நோக்கில் மூன்று விடயங்கள் இன்றியமையாதவை. வீரர்களின் சார்பில் பேசும் அங்கீகாரம் பெற்ற அமைப்பொன்று உருவாக வேண்டும். ஒப்பந்தம் இரு தரப்பையும் சமமாகக் கட்டுப்படுத்துவதாக இருத்தல் வேண்டும். மாணவன் நீங்கினால் தண்டம், பல்கலைக்கழகம் நீக்கினால் மௌனம் என்ற நிலை நீடிக்கலாகாது. அனைத்துக்கும் மேலாக, அணியில் இடமிழந்தாலும் காயமுற்றாலும் பட்டப்படிப்பை நிறைவு செய்யும் உரிமை உறுதிப்படுத்தப்பட வேண்டும். இவ்வாட்டத்தில் தொழில்முறை நிலையை எட்டுவோர் மிகச் சிலரே. ஏனையோருக்கு எஞ்சுவது அவர்கள் பெறும் கல்வி மாத்திரமே.

பல்கலைக்கழகங்கள் வீரர்களை மாணவர் எனக் கூறுமாயின் மாணவருக்குரிய பாதுகாப்பை வழங்கட்டும். ஊழியர் எனக் கருதுமாயின் ஊழியருக்குரிய உரிமைகளை வழங்கட்டும். வசதிக்கேற்ப ஒரு நாள் மாணவராகவும் மறுநாள் சரக்காகவும் நடத்துவது கல்வி நிறுவனம் ஒன்றின் கண்ணியத்துக்கு ஏற்றதாகாது. அடுத்த வசந்தகாலத்தில் யார் எந்த அணியில் ஆடுவார் என்ற கணிப்புகளில் மூழ்கியிருப்போர், பட்டியலில் இருந்து சத்தமின்றி அழிக்கப்படும் பெயர்களையும் ஒருமுறை நோக்குவது அவசியமாகும்.