சலுகை வேண்டும், தனி வரிசை வேண்டாம்

2025 ஜூலை 6ஆம் தேதி நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதி ஆட்டம். திண்டுக்கல் டிராகன்ஸ் திருப்பூர் அணியிடம் தோற்றது. நம் மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய அணி, நம் மாவட்டத்து மைதானம். ஆனால் வேடசந்தூர் பக்கத்துச் சேரிப் பிள்ளைகளில் நமக்குத் தெரிந்த பலர் அதைச் செல்போனில்தான் பார்த்தார்கள்.

வேலையில்லாதவர்களுக்குப் போட்டி டிக்கெட்டில் சலுகை தர வேண்டும் என்று நாம் சொன்னால், ‘சோத்துக்கே வழியில்லாதவனுக்கு மேட்ச் எதற்கு’ என்று கேட்கிறார்கள். இதை ஓர் அமைச்சரே பேசியிருக்கிறார். 2023 ஜனவரியில் திருவனந்தபுரம் காரியவட்டத்தில் இந்தியா - இலங்கை ஒருநாள் போட்டி. கேளிக்கை வரியை 5 சதவீதத்திலிருந்து 12 ஆக்கினார்கள். குறைந்தபட்ச டிக்கெட்டே ஆயிரம் ரூபாய். கேள்வி எழுந்தபோது, பட்டினி கிடப்பவர்கள் ஆட்டம் பார்க்கப் போக வேண்டியதில்லை என்றார் கேரள விளையாட்டுத் துறை அமைச்சர் அப்துரகுமான். அதுவும் இடதுசாரி அரசில்! அன்று இந்தியா 317 ரன் வித்தியாசத்தில் வென்றது. ஒருநாள் போட்டிகளில் அதுவரை யாரும் காணாத வெற்றி. அதைக் காலி நாற்காலிகள்தான் பார்த்தன.

இங்கே கணக்கு இன்னும் மோசம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்த பட்டதாரிக்குத் தமிழக அரசு தரும் உதவித்தொகை மாதம் 600 ரூபாய். 2024இல் சேப்பாக்கம் ஐ.பி.எல். டிக்கெட்டில் மிகக் குறைந்தது 1,700. ஏறக்குறைய மூன்று மாத உதவித்தொகை! அந்த மைதானம் நிற்பதோ அரசு குத்தகைக்கு விட்ட நிலத்தில். பொது நிலத்தில் நடக்கும் ஆட்டத்தில் சில நூறு இருக்கைகளைக் குறைந்த விலைக்குக் கேட்பது பிச்சையாகாது.

பட்டம் வாங்கிவிட்டு நூல் மில் ஷிப்டுக்கும் போக மனமில்லாமல், வேறு வேலையும் கிடைக்காமல் இருக்கும் பையனை ஊரே கேட்கிறது, ‘இப்ப என்னப்பா பண்ற?’ கேலரியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதைக் கேட்பதில்லை. ஸ்கோர் என்ன என்றுதான் கேட்பார். இந்த நிம்மதிக்கு விலை உண்டு என்றால், அதைக் குறைத்துக் கொடுங்கள் என்கிறோம்.

ஆனால் ஒன்றில் நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஜெர்மனியில் சில கால்பந்துக் கழகங்கள் மாணவர்களுக்குத் தருவதுபோலவே வேலையில்லாதோருக்கும் சலுகை தருகின்றன. நம் ஊரில் சலுகை என்றதும் தனிக் கவுன்டர், தனி கேலரி, வேறு நிறச் சீட்டு என்று ஆரம்பித்துவிடுவார்கள். தனிக் குவளை என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். நூறாண்டுக்கு முன் பல்வங்கர் பாலு பந்துவீச்சால் அணியைக் காப்பாற்றினார். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளை. 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவருக்கே அந்த நிலை.

ஆகவே வேலைவாய்ப்புப் பதிவு எண்ணை டிக்கெட் வாங்கும்போதே இணையத்தில் சரிபார்த்து முடித்துவிட வேண்டும். வாசலில் அட்டை காட்டச் சொல்லக் கூடாது. சீட்டில் ‘சலுகை’ என்று அச்சிடக் கூடாது. இருக்கை மற்றவர்களோடு கலந்தே இருக்க வேண்டும். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் அடுத்த பருவத்திலேயே நத்தத்தில் இதைத் தொடங்கலாம். மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க இன்னொன்றும் இருக்கிறது: இரவு ஆட்டம் முடிந்தபின் திண்டுக்கல் வழியாக வேடசந்தூருக்கு ஒரு பஸ்.