உட்கார்ந்தால் அபராதம்!

ரோமில் ‘ஸ்பானிஷ் ஸ்டெப்ஸ்’ என்று 135 படிகள். பெயர் ஸ்பெயின், 1720-களில் கட்டப் பணம் வந்தது பிரான்ஸிலிருந்து, இருப்பதோ இத்தாலியில். 1960 வரை ஆந்திராவில் இருந்த திருத்தணிக்காரிக்கு இந்தக் குழப்பமெல்லாம் புதிதா என்ன!

பாரிஸ், வியன்னா முடித்து டூரின் கடைசி ஊர். “முடியாதவங்க கீழேயே இருங்க” என்றார் கைடு. அம்மா ஏறத் தொடங்கிவிட்டாள்.

அப்பாவும் அவளும் டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கு எங்கள் மலையின் 365 படிகளிலும் கற்பூரம் ஏற்றியபடி போவார்கள். அப்பா போன பிறகு, முழங்காலைக் காரணம் காட்டி ஆட்டோவில்தான் மலைக்குப் போகிறாள்.

பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். உடனே போலீஸ் விசில்! இந்தப் படிகளில் உட்கார 2019-லிருந்து தடை. அபராதம் 400 யூரோ வரை போகும்.

“படியில உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டவங்கடி நாம” என்று முனகிக்கொண்டே எழுந்தவள், மிச்சப் படிகளை நிற்காமல் ஏறினாள்.

இறங்கியதும் பசி. பக்கத்துச் சந்தில் பீட்சாவைக் கத்தரிக்கோலால் வெட்டி, தராசில் எடை போட்டுக் கொடுத்தார்கள். துணிக்கடை மாதிரி இருக்கிறதே என்று அம்மாவுக்குச் சிரிப்பு. நின்றபடியே இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “டிசம்பர் 31-க்கு உனக்கு லீவு கிடைக்குமா?”