குழந்தைகளின் சளி, இருமலுக்கு சிரப் தேவையா? மும்பை 1986-இல் கற்ற பாடம்

மும்பை: மத்தியப் பிரதேச மாநிலம் சிந்த்வாரா பகுதியில் 2025-ஆம் ஆண்டு ‘கோல்ட்ரிப்’ இருமல் மருந்தை உட்கொண்ட 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தனர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அம்மருந்தைத் தமிழக அரசு ஆய்வகம் சோதித்தபோது, 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகோல் என்ற நச்சு வேதிப்பொருள் இருப்பது தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம் மட்டுமே. மகாராஷ்டிர அரசும் அந்தத் தொகுதி மருந்தைப் பயன்படுத்த வேண்டாம் என அக்டோபரில் எச்சரித்தது.

மும்பைக்கு இந்த நஞ்சு புதிதல்ல. 1986-இல் ஜே.ஜே. மருத்துவமனையில் இதே வேதிப்பொருள் கலந்த கிளிசரின் அளிக்கப்பட்ட 14 நோயாளிகள் இறந்தனர். நீதிபதி லென்டின் ஆணையம் மருந்துக் கட்டுப்பாட்டில் நிலவிய முறைகேடுகளை அம்பலப்படுத்தியது. சிரப் தயாரிக்க உதவும் கரைப்பான்களைச் சோதிக்காமல் பயன்படுத்தினால் என்ன நேரும் என்பது அன்றே தெரிந்திருந்தும், சுமார் 40 ஆண்டுகளுக்குப் பின் அதே தவறு குழந்தைகளைப் பலிகொண்டுள்ளது.

இதில் வேதனை தருவது, அம்மருந்து பெரும்பாலும் தேவையே இல்லை என்பதுதான். சாதாரண சளி வைரஸால் வருவது. சில நாள்களில் தானாகவே குணமாகும். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைப் பரிந்துரைக்கக் கூடாது, 5 வயதுக்கு உட்பட்டோருக்கும் பொதுவாக அவை உகந்தவை அல்ல என மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் சேர்ந்த கூட்டு மருந்தை 4 வயதுக்கு உட்பட்டோருக்குத் தரக்கூடாது என்ற உத்தரவு 2023-லேயே வெளியானது.

ஆயினும் ஓர் அறை வீட்டில் பலர் வாழும் தாராவியில், இரவெல்லாம் இருமும் குழந்தையையும் மறுநாள் கூலியையும் ஒருங்கே எண்ணும் பெற்றோர் மருந்துக் கடையை நாடுவது இயல்பே. அவர்களை மட்டும் குறை கூற இயலாது; சிந்த்வாராவில் மருத்துவரே அம்மருந்தைப் பரிந்துரைத்திருந்தார்.

வீட்டில் செய்யத்தக்கவை எளியவை: அடிக்கடி தாய்ப்பால் அல்லது நீராகாரம், போதிய ஓய்வு, மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து. ஒரு வயது நிறைந்த குழந்தைக்குச் சிறிது தேன் தரலாம். அதற்குக் கீழ் தேன் கூடாது. பெரியவர்களின் மருந்தை அளவு குறைத்துத் தருவதும் ஆபத்து.

மூச்சின் வேகத்தைக் கவனிப்பது முக்கியம். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டு வரை 50, 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சு இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல், பால் குடிக்க மறுத்தல், உதடு நீலமாதல், வலிப்பு ஆகியவையும் அபாய அறிகுறிகள். ஏற்கெனவே சிரப் குடித்த குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தால், மருந்துப் புட்டியுடன் மருத்துவரை அணுக வேண்டும்.

புட்டிக்குள் இருப்பதைத் தாயால் சோதிக்க இயலாது. அது தயாரிப்பாளரின், அரசின் கடமை. தேவையற்ற சிரப்பை மறுப்பது மட்டுமே அவர் கையில் உள்ளது. அதை உரக்கச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.