ஒரே கை ஓட்டின வண்டி

கொங்கு நாட்டில் மாடு வாங்குவது ஒரு சாஸ்திரம். வெள்ளக்கோவிலுக்கு அருகே கண்ணபுரத்தில் கூடும் மாட்டுச் சந்தையை ஒரு தடவை பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். வாங்க வந்தவர் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். பிறகு சுழி பார்ப்பார். பிறகு நடக்கவிட்டுப் பார்ப்பார். கடைசியில் துண்டுக்குள் கையை விட்டு விரல்களாலேயே விலை பேசுவார். அத்தனையும் ஆன பிறகுங்கூட, "எதுக்கும் வீட்டிலே ஒரு வார்த்தை கேட்டுக்கிறேனுங்க" என்று எழுந்து போய்விடுவார்.

இவ்வளவு தேர்ச்சி பெற்ற குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள், பல்லடத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும், முப்பது வயது கடந்த மோட்டார் சைக்கிள் ஒன்றை அதன் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு விலைக்கு வாங்கிவிடுகிறார்கள் என்றால், அதைப் பற்றி நாம் நாலு வார்த்தை சொல்லாமலிருப்பது நியாயமாகாது.

அந்த வண்டி எது என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யமஹா ஆர்.எக்ஸ். 100. நம்முடைய ஆலோசனையைக் கேட்கும் தகப்பனார்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: "பையன் பிடிவாதமாக இருக்கிறான். விலையோ புது வண்டியின் விலையை எட்டுகிறது. வாங்கித் தரலாமா, கூடாதா?"

ஆசையை முதலில் பரிகாசம் செய்துவிட்டுப் பிறகு புத்தி சொல்லுவது பெரியவர்களின் வழக்கம். நாம் அப்படிச் செய்யப் போவதில்லை. இந்த ஆசைக்குக் காரணம் இருக்கிறது.

1980-களின் நடுவே நம் தேசத்தின் வீதிகளில் ஒரு மாறுதல் ஏற்பட்டது. அதுவரையில் மோட்டார் சைக்கிள் என்றால் திருவொற்றியூரில் செய்த என்பீல்டு, மைசூரில் செய்த ஜாவா, எஸ்டி, பிறகு ராஜ்தூத் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். 1984, 85-ம் வருஷங்களை ஒட்டி ஜப்பானியக் கம்பெனிகளின் கூட்டுறவுடன் நூறு சி.சி. வண்டிகள் வரிசையாக வந்து சேர்ந்தன. ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, வடக்கே ஹீரோ ஹோண்டா, பஜாஜ் கவாஸாகி, எஸ்கார்ட்ஸ் கம்பெனியின் யமஹா. எஸ்கார்ட்ஸ் 1944-ல் லாகூரில் தொடங்கி, தேசப் பிரிவினைக்குப் பின் டில்லிப் பக்கம் வந்து வேரூன்றிய ஸ்தாபனம். அது 1983-லேயே ராஜ்தூத் 350 என்ற பெயரில் இரட்டை சிலிண்டர் ராட்சஸன் ஒன்றை இறக்கியிருந்தது. பெட்ரோல் குடிப்பதில் அதற்கு நிகரில்லை. குடும்பஸ்தர்கள் அதைக் கண்டு ஒதுங்கினார்கள். 1985-ல் வந்த ஆர்.எக்ஸ். 100-க்கோ அந்த விதி ஏற்படவில்லை.

அதன் ரகசியம் மிகவும் எளிது. சிலிண்டரின் அளவு 98 சி.சி.; சக்தி 11 குதிரை; வண்டியின் எடை ஏறக்குறைய நூறு கிலோ. நான்கு வீச்சு எஞ்ஜினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் ஒரு தரம் வெடிப்பு உண்டாகும். இரண்டு வீச்சு எஞ்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. நான்கு வீச்சு எஞ்ஜினில் உள்ளது போல் வால்வுகளை ஆட்டும் கட்டுக்கோப்பும் இல்லை. ஆகையால் திருகினவுடனே பாய்கிறது. அந்தப் பாய்ச்சலும், அதனுடன் எழும் கணீரென்ற சத்தமுந்தான் இன்றைக்கு லட்ச ரூபாய்க்கு மேலும் விலை பேசச் சொல்லுகின்றன.

அந்தச் சுகத்துக்குள்ளேயே அதன் குறையும் இருக்கிறது. புதிய பெட்ரோல் ஆவி உள்ளே வரும்போதே அதில் ஒரு பங்கு எரியாமல் புகைக் குழாய் வழியாக வெளியே ஓடிவிடும். எஞ்ஜினுக்கு வழவழப்புத் தரும் எண்ணெயும் பெட்ரோலுடன் சேர்ந்து எரியும். புகைக் கட்டுப்பாடு 1991-ல் ஏற்பட்டு 1996-ல் கடுமையானபோது, ஆர்.எக்ஸ். 100-ன் உற்பத்தி நின்றது. ஆகவே இன்று விலைக்கு வரும் வண்டிகளில் மிகவும் இளையதற்கே முப்பது வயது ஆகிறது. இதை மறந்துவிட்டு யாரும் பையில் கை வைக்கக் கூடாது.

* * *

விற்பவர் சொல்லும் முதல் வாக்கியம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "ஏனுங்க, ஒரே கை ஓட்டின வண்டிங்க. வாத்தியார் வச்சிருந்தாருங்க." தமிழ் நாட்டில் 1985-க்கும் 1996-க்கும் இடையே இத்தனை வாத்தியார்கள் ஆர்.எக்ஸ். 100 வாங்கினார்களா என்று நமக்குச் சந்தேகமாக இருக்கிறது. போகட்டும், வாத்தியாரை விட்டு வண்டியைப் பார்ப்போம்.

பார்க்கப் போவதற்கு முன்பே, "நாங்கள் வருமுன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். போனவுடன் எஞ்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாயிருந்தால், குளிர்ந்த எஞ்ஜின் உதைக்கு இணங்காது என்பதை விற்பவர் மறைக்கிறார் என்று சந்தேகிக்க இடமுண்டு. ஸ்டார்ட் ஆனதும் சிறிது வெண்புகை வருவது இந்த ஜாதியின் இயல்பு. அதற்காகப் பயப்பட வேண்டாம். எஞ்ஜின் நன்றாகச் சூடான பிறகும் திரை போட்டாற்போல் புகை தொடர்ந்து வந்தால், கிளட்ச் பக்கத்து எண்ணெய் சீல் தேய்ந்து கியர் எண்ணெய் உள்ளே போய் எரிகிறது என்று சந்தேகிக்கலாம். மறு பக்கத்து சீல் தேய்ந்தாலோ புகை வராது. காற்று உள்ளே போகும். அது அதைவிட ஆபத்து. கலவை மெலிந்து, எஞ்ஜின் வெந்து, பிஸ்டன் இறுகிப் போகும்.

அடுத்த கேள்வி: "சிலிண்டர் எத்தனையாவது போரில் இருக்கிறது?" சிலிண்டரைக் கால் மில்லி மீட்டர் கால் மில்லி மீட்டராகக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவார்கள். இப்படி ஒரு மில்லி மீட்டர் வரையில் போகலாம். அதற்கு மேல் கடைய இடமில்லை. புது ஸ்லீவ் இறக்க வேண்டும். கடைசிப் போரில் இருக்கும் வண்டியை முதல் போரின் விலைக்கு வாங்குவது, பல் விழுந்த மாட்டை இளங்காளை விலைக்கு வாங்குவதற்குச் சமானம்.

மூன்றாவது, எண்ணெய் பம்ப். ஆர்.எக்ஸ். 100-ல் எண்ணெய்க்குத் தனித் தொட்டி உண்டு. பம்ப் தானாகவே வேண்டிய அளவு ஊட்டும். பழைய பம்பை நம்பாமல் பலர் அதைக் கழற்றிவிட்டு, எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டுகிறார்கள். அது தவறென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதை விற்பவர் சொல்லாமல் விட, வாங்கியவர் வெறும் பெட்ரோலை நிரப்பிக் கொண்டு கிளம்பினால், பல்லடத்திலிருந்து கிளம்பிய வண்டி திருப்பூர் போய்ச் சேருமா என்பதே சந்தேகம்.

நான்காவது, இக்காலத்துப் பெட்ரோல். 2025-ல் நம் தேசத்தில் பெட்ரோலுடன் எத்தனால் கலப்பது நூற்றுக்கு இருபது பங்கு என்ற அளவை எட்டியது. 1990-ல் செய்த ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. மாதக் கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியின் தொட்டியும் கார்புரேட்டரும் எப்படி இருக்கின்றன என்று கழற்றிப் பார்த்துவிடுவது உத்தமம்.

இந்த நான்கையும் படித்துவிட்டு நேயர்கள் தாங்களே நிபுணர்கள் ஆகிவிட்டதாக எண்ண வேண்டாம். உங்களுக்கு வேண்டிய மெக்கானிக் ஒருவரை, விற்பவருக்கு வேண்டியவர் அல்லாதவரை, அரை நாள் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். பிற்பாடு செலவழிக்கப் போகும் பணத்தில் அந்தக் கூலியைப் போல் பலன் தருவது வேறொன்றும் இராது.

* * *

எஞ்ஜின் கெட்டால் பணம் போகும். காகிதம் கெட்டால் நிம்மதி போகும். ஆகையால் காகிதங்களைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்லுகிறோம்.

சொந்த உபயோகத்துக்கான வண்டியின் பதிவு பதினைந்து வருஷத்துக்குச் செல்லும். அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாயாக இருந்த புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ரூபாயாயிற்று. இருபது வயது கடந்த வண்டிகளுக்கு 2025-ல் 2,000 ரூபாயாயிற்று. கட்டணத்தைக் காட்டிலும் பெரிய கேள்வி, வண்டி சோதனையில் தேறுமா என்பதுதான். பதிவு காலாவதியாகிப் பல வருஷங்கள் கிடந்த வண்டியை, "அதெல்லாம் நாமே பண்ணிக்கலாமுங்க" என்ற தரகர் வாக்கை நம்பி வாங்குவது, வில்லங்கம் பார்க்காமல் நிலம் வாங்குவதாகும். புதுப்பித்துத் தந்த பிறகே பணம் என்று சொல்லிவிடுங்கள்.

"பழம்பொருள் என்று பதிவு செய்துகொள்ளலாமே?" என்பார் சிலர். 2021-ல் வந்த மத்திய விதிப்படி ஐம்பது வருஷம் நிறைந்த வண்டிக்குத்தான் அந்தச் சலுகை. முதல் ஆர்.எக்ஸ். 100-க்கே 2035 வரையில் பொறுத்திருக்க வேண்டும்.

பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதுடன் ஓர் எழுத்து விடாமல் ஒத்துப் பார்க்க வேண்டும். பின்னால் வந்த வேறு யமஹா வண்டிகளுக்குச் சாயம் பூசி ஆர்.எக்ஸ். 100 என்று விற்பதும் நடக்கிறது. எண்ணைச் சுரண்டிய அடையாளம் தென்பட்டால் பேரத்தை அங்கேயே முடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புங்கள். பழைய கடன் ஏதாவது புத்தகத்தில் தீராமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். கடன் கொடுத்த நிறுவனமே மறைந்துபோயிருந்தால், தீர்ந்துவிட்டது என்ற சான்றை யாரிடம் வாங்குவது? பதிவு பெற்ற உடைமையாளர் காலமாகியிருந்தால், வாரிசுகள் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்ட பிறகே விற்க வேண்டும்.

பெயர் மாற்றம் என்பது வாங்குபவரின் கவலை மட்டும் அல்ல. விற்பவர் பதினான்கு நாளுக்குள்ளும், வாங்குபவர் முப்பது நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. வெறும் கையெழுத்துப் போட்ட படிவங்களோடு வண்டி கை மாறிக் கை மாறிப் போவது நம் ஊர்களில் சகஜம். இது எங்கே கொண்டு விடும் என்பதை 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒருவர் விற்ற கார் பலர் கை மாறிய பின் விபத்தில் சிக்கியது. பதிவுப் புத்தகத்தில் மட்டும் முதல் மனிதர் பெயரே இருந்தது. நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. எப்போதோ பணம் வாங்கிக்கொண்டு மறந்துபோன வண்டிக்காகக் கோர்ட்டுப் படியேற நேர்ந்தால் ஒரு குடும்பத்தின் கதி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வாங்குகிறவருக்கு ஒன்று, விற்கிறவருக்கு ஒன்று என்று இரண்டு நியாயம் இதில் இல்லை.

* * *

இனி மிகவும் முக்கியமானது, வேகம்.

பல்லடம் கோயமுத்தூருக்கும் கரூருக்கும் இடையே ஓடும் பெருவழியில் அமைந்த ஊர். நூல் மூட்டைகளும் துணி மூட்டைகளும் ஏற்றிய லாரிகளும், கோழிக் கூண்டுகள் அடுக்கிய வண்டிகளும், ஆலைத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பஸ்களும் இரவு பகல் ஓயாத சாலை. 1985-ல் இந்த வழியில் என்ன நெரிசல் இருந்தது, இன்று என்ன இருக்கிறது என்பதை ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். வண்டி மட்டும் 1985-லேயே நின்றுவிட்டது. முன்னும் பின்னும் டிரம் பிரேக்கு, மெல்லிய டயர். இரண்டு வீச்சு எஞ்ஜினில் கையைத் தளர்த்தினால் வண்டி தானே அடங்குவதும் குறைவு. 2019 ஏப்ரலிலிருந்து புதிய வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்கோ, இரு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பிரேக்கோ கட்டாயம். அவற்றில் பழகிய கை இதில் ஏறினால், நிற்கும் என்று நினைத்த இடத்தில் நிற்காது.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் கையில் இதைக் கொடுப்பவர்களுக்கு 2019-ல் திருத்திய சட்டம் மூன்று வருஷம் வரை சிறையும், 25,000 ரூபாய் அபராதமும் வைத்திருக்கிறது. சட்டம் தண்டிப்பது தகப்பனாரைத்தான். ஆனால் சாலையின் தண்டனைக்கு மேல்முறையீடு இல்லை.

ஆகவே நம்முடைய தீர்மானம் இது. தினந்தோறும் வேலைக்கோ கல்லூரிக்கோ போய்வர இந்த ஒரு வண்டியையே நம்பியிருப்பவர் இதை வாங்க வேண்டாம். வட்டிக்குக் கடன் வாங்கித்தான் வாங்க முடியும் என்பவர் நிச்சயமாக வேண்டாம். அன்றாடத்துக்கு வேறு வண்டி இருக்கிறது, காகிதங்கள் சுத்தமாயிருக்கின்றன, நம்பிக்கையான மெக்கானிக் பார்த்துச் சரி என்கிறார், வாங்கும் விலையில் பாதி அளவு பணம் பழுது பார்ப்பதற்கென்று தனியே இருக்கிறது என்றால், தாராளமாக வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் உடுமலைப் பேட்டைச் சாலையில் நிதானமாகப் போய்வருவதில் பாவம் ஒன்றும் இல்லை. நன்றாகச் செய்த இயந்திரத்தை நன்றாக வைத்துக்கொள்வதும் ஒரு கலைதான்.

பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. அப்பாவிடம் வண்டியின் விலையை மட்டும் சொல்லாதீர்கள். விலை, மெக்கானிக் கூலி, பழுதுச் செலவு, பதிவு, வரி, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். கடைசி வரியில் நல்ல தலைக்கவசம் இரண்டு என்று எழுத மறக்க வேண்டாம். அந்தக் கடைசி வரிக்குப் பணம் மிச்சமில்லை என்றால், வண்டியின் விலை உங்களுக்கு அதிகம் என்று அர்த்தம்.