இரைச்சலும் இசையும்

பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் பாட்டு பெரியோர் காதில் இரைச்சலாய் விழுவது இன்று நேற்று உண்டான வழக்கம் அன்று. "இதுவும் ஒரு சங்கீதமா?" என்று தந்தை அறைக் கதவைச் சாத்துவதும், மகன் மனங்கசந்து மௌனமாவதும் பல இல்லங்களில் நாம் காணும் காட்சியே. இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுமுன், பின்லாந்து நாட்டு இளைஞர் நால்வர் நடத்திய ஒரு பரீட்சையை வாசகர்கள் அறிந்துகொள்ளல் நன்று.

ஹெவி மெட்டல் என வழங்கும் இசை, மின்சாரக் கிட்டாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரக்கச் செய்து, பெரும் மேள முழக்கத்துடன் பாடப்படுவது. அதிலே பெரும்புகழ் ஈட்டிய குழுக்களுள் ஒன்று, 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய மெட்டாலிக்கா. ஹெல்சிங்கி நகரத்துச் சிபெலியஸ் இசைக் கழகத்தில் செல்லோ பயின்ற நால்வர், 1993ஆம் ஆண்டில் ஒன்றுகூடி, அக்குழுவின் பாடல்களைத் தம் வாத்தியங்களில் வாசிக்கத் தலைப்பட்டனர். செல்லோ வயலின் குடும்பத்தைச் சேர்ந்தது, உருவிற் பெரியது, அமர்ந்து, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, வில்லால் வாசிக்கப்படுவது. அப்போகலிப்டிக்கா எனப் பெயர் பூண்ட இந்நால்வர் 1996இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் எட்டுப் பாடல்கள் உள. பாடகர் இல்லை, மேளமும் இல்லை, நான்கு செல்லோக்கள் மட்டுமே.

இஃது எங்ஙனம் இயன்றது? அடிச்சுரமும் அதன் பஞ்சமமும் சேர்ந்தொலிப்பதே ஹெவி மெட்டல் இசையின் முதுகெலும்பு. செல்லோவின் நான்கு தந்திகளோ ஒன்றுக்கொன்று பஞ்சம இடைவெளியிலேயே சுருதி கூட்டப்பட்டவை. ஆகவே, அடுத்தடுத்த இரு தந்திகளை ஒரே விரலால் அழுத்தி வில்லை இழுத்தால் அக்கூட்டொலி பிறந்துவிடும். அடித்தந்தியின் சுருதியும் சாதாரணக் கிட்டாரினதைவிடத் தாழ்ந்தது. அதிலே வில்லை அழுத்திக் குறுகக் குறுக இழுத்தால் கிட்டாரின் உறுமல் கேட்கும். மேல் தந்தியில் நீள இழுத்தால் பாடுவோனின் குரல் கேட்கும்.

இரைச்சல் நீங்கியபின் எஞ்சியது யாது? 'தி அன்ஃபர்கிவன்' என்னும் பாடலைச் சான்றாகக் கொள்வோம். பிறந்தது முதல் பிறர் விருப்பத்துக்கே வளைக்கப்பட்டு, தன் வாழ்வைத் தான் வாழாமலே முதுமையெய்தும் ஒருவனின் கதை அது. சொல் ஒன்றுமின்றிச் செல்லோவில் அதனைக் கேட்குங்கால், ஒப்பாரிக்கு நிகரான சோகம் நெஞ்சைத் தொடுகிறது. சாத்திய கதவுக்கு அப்பால் மகன் கேட்டுக்கொண்டிருந்தது இதனைத்தானோ என்று தந்தை எண்ணக்கூடும்.

இழந்ததும் உண்டென்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். மேளத்தின் இடியும் குரலின் சினமும் இல்லாதவிடத்து, மூலப் பாடலின் வேகம் சற்றுத் தணிந்தே நிற்கிறது. அம்முழக்கமும் பாட்டின் ஓர் அங்கமே என மாணவர் வாதிப்பாராயின், அதனை நாம் மறுப்பதற்கில்லை. அம்மாணவருக்கு நாம் கூறுவதும் ஒன்றுண்டு: முறையாகப் பயின்ற விரல்களுக்கே இத்தகைய துணிவு கைகூடும்.

பெற்றோர்க்கு நம் வேண்டுகோள் சிறிது. ஒரு மாலையேனும் பிள்ளையின் அருகே அமர்ந்து, அவன் விரும்பும் பாட்டொன்றை முடியும்வரை கேளுங்கள். பிடிக்காமற் போகலாம்; அதனால் குற்றமில்லை. கேட்டபின் கூறும் தீர்ப்பையே பிள்ளை மதிப்பான்.